அகஸ்தியாவின் ஆயிரம் நாற்காலி

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 1967-ல் திறந்தது, 2020-ல் மூடியது. மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த வாரத்தில் என் போனில் வந்து குவிந்த படங்களுக்குக் கணக்கில்லை. வாசலில் நின்று எடுத்துக்கொண்டவர்கள், பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், "நம்ம தியேட்டர் போச்சுப்பா" என்று தழுதழுத்த குரலில் பேசி அனுப்பியவர்கள். எல்லாரும் என்னோடு ஒரு காலத்தில் அந்தப் பேட்டையில் குடியிருந்தவர்கள், இல்லாவிட்டால் அவர்களுடைய பிள்ளைகள். அவர்களுடைய துக்கம் உண்மையானது. எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அதற்கு முந்தின வருஷம் இவர்களில் எத்தனை பேர் அங்கே டிக்கெட் வாங்கினார்கள்?

யாரையும் குத்திக் காட்டக் கேட்கவில்லை. இந்தக் கேள்வி சினிமாவோடு நிற்பதில்லை. பள்ளிக்கூடம், நூலகம், சந்தை, மலைமேல் இருக்கும் கோயில், வீட்டுத் திண்ணையில் இருக்கும் கிழவன் கிழவி என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது. மலைமேல் முக்தியாசலேஸ்வரர் கோயில், கோயில் சுவரெல்லாம் சோழர் காலத்துக் கல்வெட்டு, குகைப் பாறையில் எந்தக் காலத்து மனிதனோ கீறி வைத்த கோடுகள். 1760-ல் இந்த மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிடித்தார். இவ்வளவு பழைய ஊரில் பிறந்த எனக்கு, ஒரு நாற்பது மைல் சுற்றளவில் நடந்ததிலேயே பெரிய அதிசயமாகச் சின்ன வயதில் தெரிந்தது சினிமாக் கொட்டாய்தான்.

கொட்டாய் என்றால் டூரிங் டாக்கீஸ். சாலையோரப் பொட்டலில் கீற்று வேய்ந்த கூரை, சுற்றிலும் ஆள் உயரத்துக்குத் தட்டி, உள்ளே மணல் கொட்டிய தரை. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். பின்னால் கொஞ்சம் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாலைந்து வரிசை நாற்காலி. சாயங்காலம் கூம்பு ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டுப் போடுவார்கள். வயல்வெளியைத் தாண்டி மூன்று நான்கு ஊருக்குக் கேட்கும். முதல் பாட்டுக்கு அடுப்பை அணைத்து, மூன்றாம் பாட்டுக்கு வீட்டைப் பூட்டினால் டிக்கெட் கொடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று என் அம்மா கணக்கு வைத்திருந்தார். மிஷின் ஒன்றே ஒன்றுதான். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. அந்த இடைவேளைகளில்தான் முறுக்கும் கடலையும் ஊர் வம்பும்.

சட்டப்படி டூரிங் டாக்கீஸ் ஓரிடத்தில் நிலைத்து நிற்க முடியாது. 1955-ல் வந்த சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தில் அதற்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் லைசென்ஸ். லைசென்ஸ் முடிந்ததும் கீற்றைப் பிரித்து, கம்பத்தைப் பிடுங்கி, இன்ஜினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் பார்த்தால் வெறும் பொட்டல். சிறு பிள்ளைகள் நாங்கள் அந்த மணலைக் கிளறி அறுந்த ஃபிலிம் துண்டு பொறுக்குவோம். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஒரே ஆள் நாலு கட்டத்திலும் அசையாமல் நிற்பான்.

அந்த மணலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் தேர் போகிற தெருவும் உண்டு, போகாத தெருவும் உண்டு. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்திருந்த காலம் அது. கொட்டாய்க்குள் மட்டும் தரை டிக்கெட் எடுத்தவன் எவனாக இருந்தாலும் ஒரே மணலில் உட்கார வேண்டும். விளக்கை அணைத்த பிறகு யார் தோள் யார் மேல் படுகிறது என்று யாரும் பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி இதை 1981-ல் ஒரு நூலில் எழுதினார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, கையிலிருந்த காசு என்பது அவர் சொன்னதன் சாரம். காசும் ஒரு வேலிதான், மறுக்கவில்லை. ஆனால் பிறப்பால் போட்ட வேலியைக் காசு சேர்த்துத் தாண்ட முடியாது. தரை டிக்கெட்காரன் காசு சேர்த்தால் ஒரு பொங்கலுக்காவது பெஞ்சில் உட்காரலாம். அப்படி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் முடிந்து வெளியே வரும்போது அவர்கள் நடை வேறு மாதிரி இருக்கும்.

1905-ல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுக் கிளம்பினாரே, அவர் போட்ட கூடாரத்தின் வாரிசுதான் எங்கள் கொட்டாயும். சென்னையில் மவுண்ட் ரோட்டில் 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலக்ட்ரிக் தியேட்டர் கட்டினார். அடுத்த வருஷமே ரகுபதி வெங்கய்யா கெயிட்டியைக் கட்டினார். முன்னது இன்று தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் தபால்தலை விற்கும் இடமாக நிற்கிறது. ஆக, நிலையான தியேட்டர் என்றால் மவுண்ட் ரோடு, தங்கசாலை, பிராட்வே. கடலோரமாக வடக்கே போகப்போக, மீன் பிடிக்கிறவனும் ஆலையில் உழைக்கிறவனும் குடியிருந்த பேட்டைகளுக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கம்தான் என் சித்தப்பா ஒருவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். தண்டையார்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டில் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒரு கும்பலாகத் தங்கினோம். எழுபதுகளின் தொடக்கம். அந்தக் கடற்கரை நெடுகவும் ஆலைகள். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி; எண்ணூரில் அசோக் லேலண்டு; மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு. இந்தப் பக்கம் ராயபுரம், காசிமேடு என்று மீனவர் குப்பங்கள். கடல் அங்கே அழகு பார்க்கிற இடமில்லை. துறைமுகம் கட்டியதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போனது, வடக்கே அலை ஊரைத் தின்றுகொண்டே வந்தது. கரைக்குக் கருங்கல்லைக் கொட்டி அணை போட்டிருந்தார்கள். மெரினாவில் காற்று வாங்குகிறவர்களுக்கு அந்த மணல் யாருடைய வீட்டு வாசலிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்படிப்பட்ட பேட்டையில் 1967-ல், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அகஸ்தியா எழுந்தது. அந்த வருஷத்தின் சூட்டை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். மார்ச்சில் அண்ணா முதலமைச்சரானார். கைவண்டி இழுப்பவனும் கட்டுமரக்காரனும் தன் ஓட்டால் ஒரு அரசாங்கம் மாறியதைக் கண்ணால் கண்ட வருஷம். அதே வருஷம் அவன் பேட்டையிலேயே மவுண்ட் ரோட்டுக்கு ஈடான ஒரு தியேட்டர். நான் போய்ச் சேர்ந்தபோது அதற்கு இன்னும் புது மெருகு போகவில்லை. வயதான தொழிலாளிகள் அதைப் பற்றிப் பேசும்போது தாங்களே செங்கல் சுமந்து கட்டியது மாதிரி பேசுவார்கள்.

1973 மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. சென்னையில் அந்தப் படம் ஓடிய தியேட்டர்களில் அகஸ்தியாவும் ஒன்று. பேப்பர் விளம்பரத்தில் தேவி பாரடைஸ் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே எங்கள் அகஸ்தியா. அண்ணா சாலைக்கு பஸ் ஏறாமல், தங்கசாலைக்கு நடக்காமல், முதல் நாள் முதல் காட்சி எங்கள் தெருமுனையில். மாநகராட்சி சுவரொட்டி வரியை உயர்த்தியதால் அந்தப் படம் போஸ்டர் இல்லாமலே வெளியானது, கையளவு ஸ்டிக்கர்தான். அந்த ஸ்டிக்கரை ஒரு பையன் எங்கள் டிபன் கேரியரில் ஒட்டினான். அது அழுக்கேறிக் கரையும் வரை யாரும் உரிக்கவில்லை.

டிக்கெட் வாங்குவது ஒரு தனி உழைப்பு. கம்பி அடைத்த குறுகலான சந்தில் ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முடிவில் சுவரில் ஒரு ஓட்டை. ஒரு கை நுழையும், அவ்வளவுதான். அந்தக் கையில் காசைச் சரியாக மடித்து வைத்திருக்க வேண்டும். டிக்கெட்டோடு வெளியே வருகிறவன் சட்டைப் பித்தான் இல்லாமல்தான் வருவான். உள்ளே போனால், எம்.ஜி.ஆர். முகம் திரையில் வந்ததும் சூடம் கொளுத்துவது, பூ வீசுவது, காசு இறைப்பது. பகல் ஷிப்டில் மேஸ்திரியிடம் வாங்கிய திட்டெல்லாம் அந்த விசிலில் போய்விடும்.

அகஸ்தியாவின் நேரத்தை ஆலைச் சங்கும் கடலும்தான் ஓட்டின. இரண்டாவது ஷிப்ட் விட்டதும் சைக்கிள்கள் வரிசையாகச் செகண்ட் ஷோவுக்கு வரும், கைகளில் கிரீஸ் வாசனை போகாமல். விடியற்காலம் கடலுக்குப் போகிறவர்கள் ஃபர்ஸ்ட் ஷோவோடு சரி. மீன் வாய்த்த நாளில் கூட்டத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மதியக் காட்சிக்கு மீன் விற்று முடித்த அம்மாக்கள் வருவார்கள். அவர்களில் ஒரு அம்மா எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். காலிக் கூடையை வாட்ச்மேன் பக்கத்தில் வைத்துவிட்டு, நெற்றி வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் போடும் முன்பே தூங்கிவிடுவார். படம் முடிந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் எழுப்பிவிடுவார்கள். ஒரு நாள் கேட்டேன், "ஏம்மா, தூங்கறதுக்கா காசு குடுக்கிறீங்க?" என்று. "வூட்ல படுத்தா அது குடு இது குடுன்னு எழுப்பும் பா எல்லாம். இங்க யாரு எழுப்புவா?" என்றார். மூன்று மணி நேரம் தன்னை யாரும் வேலை ஏவாத ஓர் இடம், தன் காசில், தன் பேட்டையில். அதற்குப் பிறகு தியேட்டர் எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வருவார்.

நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். அந்தப் பக்கத்துத் தியேட்டர்களில் மாறி மாறி வேலை பார்த்தவர். ஒரு முறை என்னைக் கேபினுக்குள் கூட்டிப்போனார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மிஷின். பெரிய தியேட்டரில் கொட்டாய் மாதிரி ரீலுக்கு ரீல் விளக்குப் போட முடியாது. மிஷினுக்குள் இரண்டு கார்பன் குச்சி முனைக்கு முனை எரிந்துகொண்டிருக்கும். கண்ணால் நேரே பார்க்க முடியாத வெளிச்சம். குச்சி எரிந்து தேயத்தேய இடைவெளி கூடும். கூடினால் திரை மங்கும். அதை நகர்த்தி நகர்த்தி ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும், நொடிக்கு 24 படம். ரீல் முடிகிற நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினை ஓட விட வேண்டும். சில நொடி கழித்து இரண்டாவது வட்டம்; அந்தக் கணத்தில் இதை அடைத்து அதைத் திறக்க வேண்டும். கீழே ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா திட்டுவாங்க. தெரியலைன்னா நான் ஒருத்தன் இருக்கறதே தெரியாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வேலையின் இலக்கணமாகச் சொன்னார். கடல் காற்று எதையும் விடாது என்றும் சொன்னார். உப்பு ஏறி ஆணி துருப்பிடிக்கும், ஸ்பீக்கர் கம்பி பச்சை பூக்கும், நாற்காலிக் கால் இற்றுப் போகும், வெள்ளைத் திரை பழுப்பாகும். மற்ற இடத்தில் தியேட்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை செய்யும் வேலையை இந்தக் கரையில் வருஷா வருஷம் செய்தாக வேண்டும். செய்வதற்குக் காசு வேண்டும். காசு எங்கிருந்து வரும்? சுவரில் இருக்கும் அந்த ஓட்டை வழியாக நுழையும் கையிலிருந்துதான்.

தியேட்டர்களின் சரிவை எழுதுகிறவர்கள் பட்டியல் போடுவார்கள். 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. எண்பதுகளில் கலரும் வீடியோ கேசட்டும் வந்தன. 1993-ல் சன் டிவி. பிறகு மால்கள், மால்களுக்குள் சின்னச் சின்னத் திரைகள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டிச் சாலை குறுகியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்து விழுந்தபோது தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்கள் சில நாள் பூட்டிக் கிடந்தன. 2018-ல் மார்ச் தொடங்கிப் பல வாரம் புதுப்படமே வராத வேலைநிறுத்தம். 2020 மார்ச்சில் கொரோனா. நவம்பரில் தியேட்டர்களைத் திறக்கலாம் என்று அனுமதி வருவதற்குள் அகஸ்தியாவின் முடிவு எழுதியாகிவிட்டது. எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலில் நாம் ஒவ்வொருவரும் தப்பித்துக்கொள்கிறோம். டிவி கொன்றது, வரி கொன்றது, நோய் கொன்றது. நமக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை.

ஆயிரம் நாற்காலித் தியேட்டரின் கணக்கு மிக எளிது. ஆயிரம் பேருக்கு எரியும் அதே விளக்குதான் நாற்பது பேருக்கும் எரிய வேண்டும். அதே மிஷின், அதே ஆபரேட்டர், அதே வாட்ச்மேன், கக்கூஸ் கழுவும் அதே அம்மா. நாற்பது பேர் வருகிற தியேட்டரில் முதலில் நிற்பது பெயின்ட். அப்புறம் கிழிந்த சீட்டைத் தைப்பது நிற்கும். அப்புறம் கக்கூஸ். அதைப் பார்த்து "அங்கே எப்படிப் போறது, ஒரே நாத்தம்" என்று அந்த நாற்பதில் பத்துப் பேர் வருவதை நிறுத்துவார்கள். முப்பது பேருக்கு ஏசி போட முடியாது. அடுத்த படத்துக்கு இருபது பேர். கண்ணெதிரே ஒன்று இப்படித்தான் சாகும், ஒரே நாளில் இல்லை.

போகாமல் இருந்தவர்களுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். குறிப்பாகப் பெண்கள். கூட்டத்தில் அவர்கள் பட்ட இம்சை, இருட்டில் நீண்ட கைகள், படிக்கட்டில் கேட்ட பேச்சு, இதையெல்லாம் ஆண்கள் நாங்கள் 'ரசிகர்களின் உற்சாகம்' என்று பெயர் வைத்துப் பேசினோம். டிவி வந்ததும் பல வீடுகளில் பெண்கள் நிம்மதியாக வீட்டிலேயே இருந்துகொண்டார்கள் என்றால் அதற்குக் காரணம் தூர்தர்ஷன் இல்லை, நாங்கள்தான். தீயும் ஒரு பயம். 1979 ஜூலையில் தூத்துக்குடியில் ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்து நூறு பேரளவில் மாண்டார்கள். அந்தச் செய்தி படித்த பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்தில் தாய்மார்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். வாசல் எங்கே, எத்தனை அடி தூரம் என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்தார்கள்.

இந்த நியாயங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிச்சம் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. வசதி வந்தது, போகலாம், ஆனாலும் போகவில்லை. "அது எங்க போயிடப் போவுது" என்பதுதான் அவர்களுடைய மனசு. அது என்றைக்கும் அங்கேயே இருக்கும், நமக்குத் தோன்றுகிற ஒரு நாளில் போய்க்கொள்ளலாம். அண்ணா சாலையில் 1961-ல் கட்டிய சாந்தி 2016-ல் மூடியபோதும் இதே கூட்டம் வந்து படம் எடுத்துக்கொண்டது. அசோக் நகர் உதயம் 2024-ல் போனபோதும் அதேதான். 'நம்ம தியேட்டர்' என்ற உரிமை எல்லாரிடமும் இருந்தது. டிக்கெட் சிலரிடம்தான் இருந்தது.

இதைப் பெருமுக்கல்லிலும் பார்க்கிறேன். எங்கள் மலையைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் ஊரில் கிடையாது. வெளியூரில் வேலைக்குப் போன பையன்கள் போனின் முகப்பில் மலையை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சாதாரண நாளில் படி ஏறி வந்து கோயில் வாசலில் நிற்பவர்கள் எத்தனை பேர்? மலை எங்கே போய்விடும் என்ற எண்ணம். சுற்று வட்டாரத்தில் கல்குவாரிகள் வெடி வைத்துக் குன்றுகளைத் தகர்ப்பதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது. ஆள் நடமாட்டம் உள்ள மலையில் ஒரு பாறையை அசைக்க நினைப்பவன் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யாரும் ஏறாத மலை, கணக்குப் புத்தகத்தில் இத்தனை கன மீட்டர் கல் என்று ஆகிவிடும்.

அரசுத் தொடக்கப்பள்ளிகளின் கதையும் இதுதான். "நான் படிச்ச ஸ்கூல்" என்று ஆண்டு விழாவுக்கு நன்கொடை தருகிறவர் தன் பிள்ளையை வேனில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்புகிறார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது, வாத்தியார் இடம் குறைகிறது, ஒரு நாள் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுகிறார்கள். பூட்டிய கட்டடத்தின் முன் நின்று நன்கொடை கொடுத்தவரும் அழுகிறார். நூலகத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் குறைந்தால் பத்திரிகை குறையும், நேரம் குறையும். சந்தையில் வாங்குகிறவர் குறைந்தால் கீரைக்காரி அடுத்த வாரம் கூடையைத் தூக்க யோசிப்பாள்.

பெரியவர்கள் விஷயமும் இதில் சேர்த்திதான்; என் வயதில் அதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தெருவில் ஒரு கிழவர். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று நாட்டில். அவர் பிறந்த நாளுக்கு அவர்கள் அனுப்பும் வாழ்த்தைப் படித்தால் கல்லும் கரையும். பக்கத்து வீட்டுக்காரியின் பேரன் ஒருத்தன், பெரிய பாசக்காரன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் திண்ணையில் ஏறி உட்கார்ந்து அவரிடம் அன்றைய கிரிக்கெட் கணக்கைச் சொல்லிவிட்டுப் போவான். அவர் மருந்து சாப்பிட்டாரா இல்லையா, கால் வீங்கியிருக்கிறதா, முந்தா நாள் மாதிரி பேசுகிறாரா என்று அவனுக்குத் தெரியும். பிள்ளைகளின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவரைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்தப் பையனின் வருகைதான். மனசில் வைத்திருப்பது ஒரு பொருளைக் காப்பாற்றும் என்று நம் தலைமுறையில் யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் வேலை முடிந்து ஊர் திரும்பிய பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன். வீட்டில் டிவி இருக்கிறது, மருமகள் போனில் எல்லாப் படமும் வருகிறது. இருந்தாலும் பஸ் ஏறித் திண்டிவனம் போகிறேன். நல்ல படமா என்று விசாரிப்பதில்லை. விசாரித்துப் போனால் அது படத்துக்காகப் போவது. இது தியேட்டருக்காகப் போவது. பேத்திக்கு இது புரியாமல் இருந்தது. "தாத்தா, அந்தப் படம் மொக்கைன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். "சரிம்மா, மொக்கையா இல்லையான்னு நாமளும் நாலு பேரோட உட்கார்ந்து பார்த்துட்டு வருவோம்" என்றேன். வந்தாள். அவள் வயதுப் பெண்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் படத்தைவிட நிறைவாக இருந்தது. அந்தக் காலத்து மண்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

இடைவேளையில் கேபின் பக்கம் போனேன். கார்பன் குச்சியும் இல்லை, இரண்டு மிஷினும் இல்லை, மூலையில் மின்னும் வட்டமும் இல்லை. கம்ப்யூட்டர், டிஜிட்டல் புரொஜெக்டர், ஒரு பையன். இருபத்தைந்து வயது இருக்கும். கிழவன் ஒருவன் கதவைத் தட்டுகிறானே என்று பதறி எழுந்தான். "ஏதாவது பிரச்சினையா ஐயா?" என்றான். படம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் இடது பக்க ஸ்பீக்கரில் சத்தம் கரகரக்கிறது என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. "ஒரு வாரமா நானும் சொல்றேன், உனக்கு மட்டும்தான் அப்படிக் கேக்குதுங்கறாங்க. நீங்க கீழ மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீங்களா?" என்றான். சொன்னேன். பேத்தியும் சேர்ந்து சொன்னாள். அந்தச் சிரித்த பெண்களில் இருவரும் வந்து, ஆமாம் சார், எங்களுக்கும் கேட்டது என்றார்கள். மேனேஜர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்கிறோம் என்றார். வெள்ளிக்கிழமை வேறு படம். போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.